தேவனுக்கு வக்காலத்து வாங்குவது எப்படி? புதியவர்களுக்கான படிப்படியான வழிகாட்டி

ஞானஸ்நானம் எடுத்தாயிற்று, சாட்சி சொல்லியாயிற்று, பாட்டுப் புத்தகமும் கைக்கு வந்தாயிற்று. இந்த நேரம் பார்த்து யாரோ ஒருவர், "சரி, இதெல்லாம் உண்மைதான் என்பதற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டுத் தொலைத்துவிட்டார். பதற வேண்டாம். கிட்டத்தட்ட இரண்டாயிரம் வருடமாக இந்தக் கேள்விக்குப் பதில் தயாரித்துக்கொண்டே இருக்கிறார்கள், கிடங்கு நிறைய சரக்கு கிடக்கிறது, எதை எப்போது எடுத்துவிடுவது என்று தெரிந்தால் போதும். 1 பேதுரு 3:15, உங்கள் நம்பிக்கையைப் பற்றி விசாரிக்கிற எவருக்கும் பதில் சொல்ல எப்போதும் தயாராக இருங்கள் என்கிறது, அதுதான் இந்தத் துறைக்கே அஸ்திவாரம். பதிலைச் சாந்தத்தோடு சொல்லச் சொல்லியும் அதே வசனத்தில் இருக்கிறது. விவாதம் தொடங்கிய பத்தாவது நிமிஷத்தில் எல்லோரும் அந்தப் பாதியை மறந்துவிடுவார்கள். நீங்களும் மறக்கலாம், யாரும் கணக்கில் வைக்கமாட்டார்கள்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஜெபம் பண்ணினால் மனசு லேசாகிறது என்பவரோடு எனக்கு எந்த வழக்கும் இல்லை. தர்க்கரீதியாக நிரூபித்துவிட்டோம், இதற்கு மேலும் நம்பாதவன் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறான் என்று மார்தட்டுகிறவர்களுக்காகத்தான் இந்த வழிகாட்டி. அந்த வரிசையில் சேர ஆசைப்படுகிறவர்கள் மேலே படிக்கலாம்.

தேவையானவை: ஒரு வேதாகமம் (முழுக்கப் படித்திருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை, படிக்காதவர்களுக்கு வேலை சுலபம்), நாலைந்து தத்துவ அறிஞர்களின் பெயர்கள், நல்ல நுரையீரல். கூடவே ஒரே ஒரு விதி. நீங்கள் சொல்லும் வாதத்தை எதிராளி வேறொரு கடவுளின் பெயரைப் போட்டுத் திருப்பிச் சொல்ல விடவே கூடாது. கீழே வரும் எல்லாப் படிகளிலும் ஆபத்து அந்தப் பக்கத்திலிருந்துதான் வரும்.

படி 1: எல்லாவற்றுக்கும் முந்தி என்ன என்று கேளுங்கள்

தொடங்குகிற எதற்கும் ஒரு காரணம் உண்டு. பிரபஞ்சம் தொடங்கியது. ஆகவே பிரபஞ்சத்துக்கு ஒரு காரணம் உண்டு. மூன்றே வரி, மனப்பாடம் செய்யச் சிரமமில்லை, சொல்லும்போது பெரிய படிப்பாளி போலவும் தெரிவீர்கள். "அப்படியானால் கடவுளுக்குக் காரணம் யார்?" என்று எதிராளி கேட்பார், எல்லோரும் கேட்பார்கள். அவர் தொடங்கவே இல்லை, என்றென்றும் இருக்கிறார், ஆகவே இந்த விதி அவரைக் கட்டாது என்று சொல்லுங்கள். விதியை எழுதும்போதே பின்வாசலைத் திறந்து வைத்துவிட்டோம் என்பதை அவர் கவனிப்பதற்குள் அடுத்த விஷயத்துக்குப் போய்விட வேண்டும்.

இனிமேல்தான் கஷ்டமான பகுதி. மூன்றாவது வரியில் உங்கள் கையில் இருப்பது "ஏதோ ஒரு காரணம்". அதற்குப் பெயர் கிடையாது, குணம் கிடையாது, உங்கள் மேல் பிரியம் இருப்பதாகவும் தெரியவில்லை. அங்கிருந்து பெத்லகேமில் பிறந்து, தண்ணீரைத் திராட்சரசமாக்கி, மூன்றாம் நாள் எழுந்து, உங்கள் படுக்கையறை விவகாரங்களிலும் அக்கறை காட்டும் ஒருவரிடம் போய்ச் சேர வேண்டும். நடுவில் படிக்கட்டு எதுவும் கிடையாது, ஒரே தாவல்தான். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவது என்று பெரியவர்கள் சொன்னது இந்த இடத்தைப் பார்த்துத்தான் இருக்கும்.

இதன் பூர்வீகத்தைக் கிளறாமல் இருப்பது நல்லது. இதைப் பட்டை தீட்டியவர்களில் முக்கியமானவர் 1111ல் காலமான இஸ்லாமிய அறிஞர் அல்-கஸாலி, இந்த மூன்று வரிக்கு வைத்திருக்கும் கலாம் வாதம் என்ற பெயரே இஸ்லாமிய இறையியலிலிருந்து வந்தது. வில்லியம் லேன் கிரெய்க் என்ற அமெரிக்கத் தத்துவவாதி 1979ல் இதைப் பற்றிப் புத்தகம் போட்ட பிறகுதான் கிறிஸ்தவ மேடைகளில் இது இத்தனை பிரபலம். அல்-கஸாலி அதே மூன்று வரியிலிருந்து தாவிப் போய் இறங்கிய இடம் வேறு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. யாராவது கண்டுபிடித்துக் கேட்டால், இதன் வேர் அவருக்கும் முந்தி, 6ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த கிறிஸ்தவரான யோவான் பிலோபோனஸிடம் இருக்கிறது என்று பெருமையாகச் சொல்லலாம். அவர் செத்து நூறு வருடம் கழித்து 680-81ல் கூடிய திருச்சபைப் பேரவை அவரை மதபேதகர் என்று தீர்ப்பளித்துவிட்டது. அந்தப் பாதியை விட்டுவிடுங்கள்.

படி 2: கடிகாரத்தை எடுங்கள், வாழைப்பழத்தைத் தொடாதீர்கள்

வெட்டவெளியில் ஒரு கடிகாரம் கிடந்தால், அது தானாக வந்தது என்றா சொல்வீர்கள்? வில்லியம் பேலி என்ற ஆங்கிலேயப் பாதிரியார் 1802ல் கேட்ட கேள்வி, இன்னும் விற்கிறது. சங்கடம் என்னவென்றால் ஸ்காட்லாந்துத் தத்துவவாதி டேவிட் ஹியூம் இதற்கான பதிலை எழுதிவைத்துவிட்டுச் செத்தே போயிருந்தார், 1779ல் அது அச்சிலும் வந்துவிட்டது, அதாவது கேள்வி பிரபலமாவதற்கு 23 வருடம் முன்பே. ஹியூம் கேட்டது ரொம்பக் குசும்பான கேள்வி: சரி ஐயா, உலகம் யாரோ செய்த பொருள் என்றே வைத்துக்கொள்வோம், ஒருவர்தான் செய்தார் என்று எப்படித் தெரியும்? ஒரு குழுவாகச் சேர்ந்து செய்திருக்கலாம். இன்னும் தொழில் படியாத ஒரு குட்டித் தெய்வம் முதல்முறையாகச் செய்துபார்த்து, வெட்கப்பட்டு விட்டுவிட்டுப் போயிருக்கலாம். முதுகுவலி, ஞானப்பல், கண்ணின் குருட்டுப்புள்ளி இதையெல்லாம் வைத்துப் பார்த்தால் குட்டித் தெய்வக் கதையைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

1859ல் டார்வின் வேறு வந்து, வடிவமைப்பாளர் இல்லாமலே வடிவம் வரும் வழியைக் காட்டிவிட்டார். இதில் ஒரு வேடிக்கை, கேம்பிரிட்ஜில் படிக்கும்போது பேலியை ரசித்துப் படித்தவர்தான் அவரும்.

வாழைப்பழ விவகாரத்தைக் கொஞ்சம் விவரமாகவே சொல்லவேண்டும், புதியவர்கள் அடிக்கடி இதில்தான் வழுக்கி விழுகிறார்கள். நியூசிலாந்தில் பிறந்த ரே கம்ஃபர்ட் என்ற சுவிசேஷகர் ஒரு வீடியோவில் கையில் வாழைப்பழத்தை வைத்துக்கொண்டு, பாருங்கள், மனிதக் கைக்கு எப்படிப் பொருந்துகிறது, வழுக்காத தோல், உரிக்க வசதியாக மேலே ஒரு காம்பு, பழுத்ததா இல்லையா என்று நிறமே சொல்லிவிடுகிறது, வாய்க்கு ஏற்ற வளைவு வேறு, இது நாத்திகரின் கெட்ட கனவு என்று விளக்கினார். காட்டு வாழையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், உள்ளே கல் கல்லாக விதை, சதை பெயருக்குத்தான். நாம் சாப்பிடும் விதையில்லா வாழை, நியூகினி பக்கமும் தென்கிழக்கு ஆசியாவிலும் ஆயிரக்கணக்கான வருடங்களாக மனிதர்கள் பொறுக்கி எடுத்து, கன்று பிரித்து நட்டு உண்டாக்கியது. மனிதன் நடாவிட்டால் அதற்குச் சந்ததியே கிடையாது. ஆக, தேவனின் கைவேலைக்கு சாட்சியாகக் கூண்டில் ஏற்றிய பழம் மனிதனின் கைவேலையாகப் போய்விட்டது. அவரும் பிற்பாடு அந்த வாதத்திலிருந்து பின்வாங்கினார். அன்னாசிப்பழத்தை எடுத்துக்கொண்டு இந்த வாதத்துக்கு யாரும் வராததையும் கவனியுங்கள்.

படி 3: இருந்த இடத்திலிருந்தே நிரூபியுங்கள்

வெளியே போய் எதையும் பார்க்க வேண்டியதில்லாத வாதமும் ஒன்று உண்டு. இதைவிடப் பெரிதாக ஒன்றை நினைக்கவே முடியாது என்னும்படியான ஒன்றை நினையுங்கள். அது மனதில் மட்டும் இருந்தால், நிஜத்திலும் இருப்பது அதைவிடப் பெரிதாகிவிடும். ஆகவே அது நிஜத்திலும் இருந்தே தீரவேண்டும். அன்செல்ம் என்ற துறவி 11ஆம் நூற்றாண்டில் சொன்னது. உடனே கௌனிலோ என்ற இன்னொரு துறவி, அப்படியானால் இதைவிடச் சிறந்ததை நினைக்கமுடியாத ஒரு தீவை நினைத்துக்கொள்கிறேன், அந்தத் தீவும் நிஜத்தில் இருந்தாக வேண்டுமே என்று மடக்கினார். அன்செல்ம் பெரிய மனசுக்காரர், கௌனிலோவின் மறுப்பையும் தன் பதிலையும் தன் நூலோடு சேர்த்தே பிரதியெடுக்கச் சொன்னாராம். மறுத்தவர் நாத்திகர் இல்லை, அதே தேவனை ஆராதித்தவர். பின்னால் திருச்சபையின் பெரிய இறையியலாளரான தாமஸ் அக்குவினாஸும் இந்த வாதம் செல்லாது என்றார். உங்கள் ஆட்களே தள்ளிய சரக்கு, எதிராளி அசந்திருந்தால் மட்டும் எடுங்கள்.

படி 4: பந்தயம் கட்டச் சொல்லுங்கள்

ஆதாரம் தீர்ந்துபோனால் பயம் இருக்கிறது. "நான் சொல்வது தப்பாகவே இருக்கட்டும், எனக்கு என்ன நஷ்டம்? நீ சொல்வது தப்பாக இருந்தால் உன் கதி என்ன என்று யோசித்தாயா?" என்று தணிந்த குரலில் கேளுங்கள், பார்வையைக் கொஞ்சம் தரைப்பக்கம் காட்டுங்கள். 1662ல் 39 வயதில் இறந்துபோன பிரெஞ்சுக் கணித மேதை பிளேஸ் பாஸ்கலின் யோசனை இது. அவர் சொன்னதில் இதைவிட நுட்பம் உண்டு, அது இப்போது நமக்குத் தேவைப்படாது.

பந்தயத்தில் இரண்டே குதிரைதான் ஓடுகின்றன என்று எதிராளி நம்பும்வரை இது நன்றாக வேலை செய்யும். ஒரு இமாமும் இதே வாதத்தை அப்படியே சொல்லலாமே என்று பிரெஞ்சுத் தத்துவவாதி திதெரோ 18ஆம் நூற்றாண்டிலேயே கேட்டுவிட்டார். இன்னொரு சிக்கல் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. பாஸ்கல் கத்தோலிக்கர், நம்பிக்கை வராதவர்களுக்கு அவர் சொன்ன வைத்தியம் தீர்த்தத் தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள், பூசை வையுங்கள், நம்புகிறவர்கள் செய்வதையெல்லாம் செய்யுங்கள், நம்பிக்கை பின்னாலேயே வரும் என்பது. பெந்தெகொஸ்தே சகோதரர் ஒருவர் இந்த வாதத்தை எடுக்கும்போது, பாஸ்கலின் பந்தயச் சீட்டில் அவருடைய சபையே இல்லை என்பதை யார் அவருக்குச் சொல்வது? அப்புறம், உள்ளந்திரியங்களை ஆராய்கிறவர் என்று நீங்களே சொல்கிற ஒருவர், "எதற்கும் இருக்கட்டும்" என்று வந்து உட்கார்ந்தவனைப் பார்த்து என்ன நினைப்பார் என்ற கேள்வியும் இருக்கிறது. கேட்டால் தும்மிவிடுங்கள்.

படி 5: ஐந்நூறு சாட்சிகளைக் கூண்டில் ஏற்றுங்கள்

தத்துவம் எல்லாம் மேடை அலங்காரம், உண்மையான சண்டை நடப்பது இங்கேதான். உயிர்த்தெழுந்த இயேசு ஒரே நேரத்தில் ஐந்நூறு பேருக்கும் மேற்பட்டவர்களுக்குத் தரிசனமானார், அவர்களில் பெரும்பாலோர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்று 1 கொரிந்தியர் 15:6ல் பவுல் எழுதுகிறார். "ஐந்நூறு பேர் ஐயா! இரண்டு சாட்சி இருந்தாலே நீதிமன்றத்தில் தண்டனை கொடுத்துவிடுவார்கள்!" என்று குரலை உயர்த்துங்கள்.

எதிராளி நிதானமான ஆளாக இருந்தால் சாட்சிப் பட்டியலைக் கேட்பார். அங்கே கொஞ்சம் இடிக்கும். ஐந்நூறு பேரில் ஒருவருடைய பெயரும் இல்லை. எந்த ஊரில், எந்த நாளில் என்று இல்லை. அவர்களில் யாரும் எழுதிய ஒரு வரிகூட நமக்கு வந்து சேரவில்லை. இவ்வளவு பெரிய சம்பவத்தைப் பற்றி நாலு சுவிசேஷங்களும் மூச்சு விடவில்லை. நம்மிடம் இருப்பது ஐந்நூறு சாட்சி இல்லை, ஐந்நூறு பேர் பார்த்தார்களாம் என்று சொல்லும் ஒரு சாட்சி, அவரும் தான் அந்தக் கூட்டத்தில் இருந்ததாகச் சொல்லவில்லை. "சந்தேகம் இருந்தால் போய் விசாரித்துக்கொள்ளுங்கள் என்று பவுல் தைரியமாகச் சொல்கிறாரே" என்பது வழக்கமான பதில். கடிதம் போனது கொரிந்துவுக்கு. அங்கிருந்து எருசலேம் கடல் தாண்டி ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேலே. விசாரிக்கக் கிளம்புகிறவர் பெயர் தெரியாத யாரைத் தேடிப் போவார்?

இப்போது பெயரை மாற்றிப் பார்க்கிற ஆபத்து வருகிறது. 1830ல் ஜோசப் ஸ்மித் என்ற அமெரிக்கர் வெளியிட்ட, மோர்மன் சபையாரின் வேதமான மோர்மன் நூலுக்கு மூலம் என்று சொல்லப்படும் தங்கத் தகடுகளைக் கண்ணால் பார்த்ததாகப் பதினோரு பேர் சாட்சி சொல்லியிருக்கிறார்கள், பெயரோடு, அந்த நூலிலேயே அச்சாகியிருக்கிறது. அவர்களில் தேவதூதனையும் பார்த்ததாகச் சொன்ன மூன்று பேர் பிற்பாடு ஜோசப் ஸ்மித்தோடு சண்டை போட்டுச் சபையை விட்டே வெளியே போனார்கள், போன பிறகும் பார்த்தது பார்த்ததுதான் என்றார்கள். சாட்சியத்தின் தரம் என்று பார்த்தால் பெயரில்லாத ஐந்நூறைவிட இந்தப் பதினொன்று எவ்வளவோ தேவலை. அதற்காக எந்தக் கிறிஸ்தவ வக்கீலும் மோர்மன் ஆகிவிடவில்லை. பதினோரு பேர் ஏமாந்திருக்கலாம், ஒருவரையொருவர் தூண்டியிருக்கலாம், மனக்கண்ணால் பார்த்திருக்கலாம் என்று கடகடவென்று நாலு விளக்கம் அவர்களே சொல்வார்கள். நல்ல விளக்கங்கள்தான். அவற்றை அந்த அறையிலேயே வைத்துப் பூட்டிவிட்டு வாருங்கள், இந்தப் பக்கம் கொண்டுவரக் கூடாது.

"பொய்க்காக யாராவது உயிரை விடுவார்களா?" என்பது இதன் தங்கச்சி வாதம். அப்போஸ்தலர் எல்லோரும் இரத்தசாட்சிகளாகச் செத்தார்களே என்பீர்கள். புதிய ஏற்பாடு பன்னிரண்டு பேரில் யாக்கோபு ஒருவர் கொல்லப்பட்டதைத்தான் சம்பவமாகச் சொல்கிறது (அப்போஸ்தலர் 12:2), யூதாஸின் கதை வேறு. பேதுரு, பவுலுக்குப் பழைய குறிப்புகள் உண்டு. மற்றவர்களின் மரணக் கதைகளில் பெரும்பாலானவை பிற்பாடு எழுந்தவை. பேதுருவைத் தலைகீழாகச் சிலுவையில் அறைந்த பிரபலமான காட்சி "பேதுருவின் நடபடிகள்" என்ற 2ஆம் நூற்றாண்டு நூலில் வருகிறது, அதே நூலில் நாய் ஒன்று மனிதக் குரலில் பேசுகிறது, ஜன்னலில் தொங்கிய புகைபோட்ட மீன் பேதுருவின் வார்த்தையில் உயிர்பெற்று நீந்துகிறது. நீங்கள் சிலுவையை மட்டும் எடுத்துக்கொண்டு மீனை விட்டுவிடுங்கள். ஜோசப் ஸ்மித்தும் 1844ல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒரு சிறையில் இருக்கும்போது கும்பலால் சுட்டுக் கொல்லப்பட்டவர்தான் என்று எதிராளி ஆரம்பித்தால், அது வேறு விஷயம் என்று சொல்லுங்கள். எப்படி வேறு என்று கேட்டால் அடுத்த படிக்குப் போங்கள்.

படி 6: கிழிந்ததைத் தைக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

சுவிசேஷங்கள் ஒன்றோடொன்று முட்டும் இடங்களைக் காட்டுவார்கள். இதற்கு ஒரு பொதுச் சூத்திரம் உண்டு: இரண்டு கதை முட்டினால், இரண்டிலும் இல்லாத மூன்றாவது கதையை நீங்களே எழுதுங்கள்.

யூதாஸை எடுத்துக்கொள்வோம். மத்தேயு 27ல் அவன் வெள்ளிக்காசைத் தேவாலயத்தில் எறிந்துவிட்டுப் போய் நான்றுகொண்டு சாகிறான், பிரதான ஆசாரியர் அந்தக் காசில் குயவனுடைய நிலத்தை வாங்குகிறார்கள். அப்போஸ்தலர் 1:18ல் நிலத்தை வாங்குவது யூதாஸ், தலைகீழாக விழுந்து வயிறு வெடித்துக் குடல் சரிந்து சாகிறான். தையல் வேலை இப்படி: செங்குத்தான பாறை விளிம்பில் ஒரு மரம், அதில் தூக்குப் போட்டுக்கொண்டான், கயிறு அறுந்தது, கீழே விழுந்து வெடித்தான். நிலம்? ஆசாரியர் வாங்கினாலும் காசு அவனுடையது, ஆகவே அவன் வாங்கியதாகக் கணக்கு. பாறை விளிம்பு எந்த சுவிசேஷத்தில் வருகிறது, கயிறு அறுந்ததை யார் பார்த்தார்கள் என்றெல்லாம் கேட்கிறவருக்கு நல்லெண்ணமே இல்லை என்று முடிவுகட்டிவிடலாம்.

வெறுங்கல்லறைக்கு யார் யார் போனார்கள், அங்கே இருந்தது ஒரு வாலிபனா, ஒரு தூதனா, இரண்டு பேரா என்பதற்கும் இதே ஊசி நூல்தான். "இரண்டு பேர் இருந்த இடத்தில் ஒருவரும் இருந்திருப்பார்தானே" என்று சொல்லிவிட்டு வெற்றிப் புன்னகை பூக்க வேண்டும்.

நிறைவேறிய தீர்க்கதரிசனங்கள் என்ற பெட்டியைத் திறந்தால் தீரு பட்டணத்தை மட்டும் வெளியே எடுக்காதீர்கள். பாவம், பலர் ஆசையாக அதைத்தான் முதலில் எடுக்கிறார்கள். எசேக்கியேல் 26, பாபிலோன் ராஜாவான நேபுகாத்நேச்சார் வந்து தீருவை இடித்துக் கொள்ளையிடுவான், அது இனிக் கட்டப்படவே படாது என்கிறது. மூன்று அதிகாரம் தள்ளி 29:18ல் அதே எசேக்கியேல், அத்தனை பாடுபட்டும் அவனுக்குத் தீருவினால் கூலி கிடைக்கவில்லை, பதிலுக்கு எகிப்தைக் கொடுக்கிறேன் என்று கணக்கை மாற்றி எழுதுகிறார். பட்டணத்தை உடைத்தவர் அலெக்சாந்தர், அதுவும் கி.மு. 332ல். அதற்கப்புறமும் அது எழுந்தது. பவுல் தன் பயணத்தில் அங்கே ஏழு நாள் தங்கியதாக அப்போஸ்தலர் 21 சொல்கிறது, இல்லாத ஊரில் எப்படித் தங்கினார் என்று தெரியவில்லை. இன்றைக்கும் லெபனானில் அது மக்கள் வாழும் ஊர்.

படி 7: சந்தர்ப்பம் என்ற சாவியைச் சட்டைப் பையிலேயே வைத்திருங்கள்

எதிராளி எடுத்த வசனம் சங்கடமாக இருந்தால், "சந்தர்ப்பத்தைப் பார்க்காமல் பேசாதீர்கள்" என்று சொல்ல வேண்டும். யாத்திராகமம் 21:20-21, அடிமையைக் கோலால் அடித்து அவன் அந்த இடத்திலேயே செத்தால் தண்டனை, ஒன்றிரண்டு நாள் உயிரோடிருந்தால் தண்டனை இல்லை, ஏனென்றால் அவன் எஜமானுடைய பணம் என்கிறது. சந்தர்ப்பத்தைப் பார்த்தால் என்ன தெரிகிறது? முன்னும் பின்னும் இன்னும் அடிமைச் சட்டங்கள். பரவாயில்லை, அந்தக் காலத்து அடிமைத்தனம் வேறு மாதிரி என்று சொல்லிவையுங்கள். மாறாத நன்னெறிக்குத் தேவன்தான் ஒரே அஸ்திவாரம் என்று நீங்கள் போன அரைமணி நேரம் பேசியிருந்தால் மட்டும், காலத்துக்குக் காலம் மாறும் என்ற இந்தப் பதிலுக்கு நடுவில் ஒரு தேநீர் இடைவேளையாவது விடுவது நாகரிகம்.

சாவி ஒரு பக்கம்தான் திரும்பும் என்பதும் நினைவிருக்கட்டும். நமக்குப் பிடித்த வசனங்களுக்குச் சந்தர்ப்பம் கிடையாது. எரேமியா 29:11, உங்களுக்காக நான் வைத்திருக்கும் நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்ற வசனம் சுவர்க் காலண்டரிலும் வாழ்த்து அட்டையிலும் தொங்குகிறது, வேலைக்கான நேர்காணலுக்குப் போகிறவர் அதைத்தான் சொல்லிக்கொண்டு போகிறார். அது பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எழுதிய கடிதம். முந்தின வசனத்திலேயே, அதெல்லாம் நடக்க எழுபது வருடம் ஆகும் என்று இருக்கிறது. அந்த 10ஆம் வசனத்தை அச்சடித்த காலண்டரை நான் இன்னும் பார்க்கவில்லை.

படி 8: பெரிய மனிதர்களின் பட்டியல்

நியூட்டனே விசுவாசி என்று சொல்லுங்கள், உண்மைதான். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே தேவன் என்னும் திரித்துவத்தை அவர் ஏற்கவில்லை, அதை ரகசியமாகப் பக்கம் பக்கமாக எழுதிவைத்திருந்தார் என்பதைச் சொல்ல வேண்டாம். இன்றைக்குப் பெரும்பாலான சபைகளில் அவரைப் பிரசங்க மேடையில் ஏற்றமாட்டார்கள். டார்வின் சாகும் தறுவாயில் மனம் திரும்பினார் என்ற கதையையும் சிலர் சொல்வார்கள். அவர் செத்து 33 வருடம் கழித்து 1915ல் லேடி ஹோப் என்ற பெண்மணி பத்திரிகையில் எழுதியது அது. டார்வினின் மகள் ஹென்றியட்டா, அப்பாவின் கடைசி நேரத்தில் நான் பக்கத்தில் இருந்தேன், அந்த அம்மாள் இல்லை என்று 1922ல் அச்சிலேயே மறுத்துவிட்டார். இந்தப் படி இவ்வளவுதான்.

படி 9: துன்பத்தைப் பற்றிக் கேட்டால்

மனிதனுக்குச் சுயாதீன சித்தம் கொடுத்திருக்கிறார், கொலையும் போரும் அவன் தேர்வு என்று சொல்லலாம், ஓரளவுக்குத் தாங்கும். நிலநடுக்கத்துக்குத் தாங்காது. 1755 நவம்பர் 1, சகல பரிசுத்தவான்கள் திருநாள், லிஸ்பன் நகரத்து மக்கள் காலை ஆராதனைக்குக் கோயில்களில் கூடியிருந்த நேரம் பார்த்துப் பூமி குலுங்கியது. கோயில்கள் அவர்கள் தலையில் இடிந்தன, திருநாளுக்கு ஏற்றிய மெழுகுவர்த்திகளும் சேர்ந்து ஊரையே பற்றவைத்தன, தப்பித்து ஆற்றங்கரைக்கு ஓடியவர்களை ஆழிப்பேரலை கொண்டுபோயிற்று. பூமித்தட்டுகளுக்குச் சுயாதீன சித்தம் இருப்பதாக இதுவரை எந்த வக்கீலும் வாதாடவில்லை. ஆகவே நேராக "அவருடைய வழிகள் நம்முடைய வழிகள் அல்ல" என்பதற்குப் போய்விடுங்கள். முதல் படியில் பிரபஞ்சம் தொடங்குவதற்கு முன்னால் அவர் எப்படி இருந்தார் என்றுகூட உங்களுக்குத் தெரிந்திருந்தது, இங்கே வந்ததும் அவர் புரிந்துகொள்ள முடியாதவராகிவிடுவார்.

இந்த ஒரு படியில் மட்டும் கேலியை விட்டுவிட்டுச் சொல்கிறேன். பிள்ளையைப் பறிகொடுத்தவர் வீட்டில் போய் இந்த வாதங்களில் எதையும் எடுக்காதீர்கள். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் ராவும் பகலும் அவனோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள், அதுவரை நல்ல நண்பர்களாகத்தான் இருந்தார்கள். வாயைத் திறந்து விளக்கம் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் கெட்டது.

படி 10: எதிரில் இன்னொரு வக்கீல் வந்துவிட்டால்

இதுவரை எதிராளி சந்தேகப்பிராணி என்று வைத்துக்கொண்டோம். வேறு மதத்துக்காரர் ஒருவர், இதே படிகளைக் கரைத்துக் குடித்தவர், எதிரில் வந்து உட்கார்ந்தால் என்ன செய்வது? பயிற்சி எதுவும் தேவைப்படாது, அந்த நிமிஷமே நீங்கள் உலகத்திலேயே கறாரான பகுத்தறிவுவாதி ஆகிவிடுவீர்கள். 1995 செப்டம்பர் 21 அன்று பிள்ளையார் சிலைகள் பால் குடித்தன, டெல்லியில் தொடங்கி லண்டன், அமெரிக்கா வரை லட்சக்கணக்கானவர்கள் தங்கள் கையாலேயே கரண்டியில் கொடுத்துப் பார்த்தார்கள் என்பார் அவர். பரப்பு இழுவிசை, நுண்துளை ஈர்ப்பு, வண்ணம் கலந்த பாலை வைத்து விஞ்ஞானிகள் செய்து காட்டினார்களே, அது சிலையின் மேல் வழிந்து கீழே இறங்கியதைப் பார்க்கவில்லையா என்று நீங்கள் மடமடவென்று சொல்வீர்கள். கூட்டமாகச் சேர்ந்தால் மனம் எதையும் பார்க்கும் என்பீர்கள். எத்தனை பேர் பார்த்தார்கள் என்பது கணக்கில்லை, என்ன நடந்தது என்பதுதான் கணக்கு என்பீர்கள். அத்தனையும் அருமையான பதில்கள், நானே இதைவிட நன்றாகச் சொல்லமுடியாது.

அவர் அதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, அந்த ஐந்நூறு பேர் விஷயத்துக்கு வருவோமா?" என்பார். அந்த இடத்தில் ஜெபக்கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துவிடுங்கள். உங்கள் கண்கள் திறக்கவேண்டும் என்று அவருடைய சாமியிடம் வேண்டிக்கொள்வதாகச் சொல்வார். நீங்களும் அதையே அவருக்குச் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பலாம்.